கயிற்றுக்கு வெளியே

“ஆறு” என்று சொல்வதற்காக ஜான்சி வாக்கி-டாக்கியின் பொத்தானுக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். விரல் பொத்தானைத் தொடவில்லை. அதற்குள் தோளில் மாட்டியிருந்த அந்தக் கருவியில் இருந்து, வெளியே உட்கார்ந்திருந்த ஆரோக்கியராஜின் குரல் வந்துவிட்டது.

“ஆறு. சரி, அடுத்தது.”

கையில் இருந்த, அமிலத்தையும் காரத்தையும் நிறம் மாறிக் காட்டும் காகிதத் துண்டைப் பார்த்தாள். டிரம்மில் இருந்து எடுத்த சொட்டு பட்ட இடம் மஞ்சளும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தது. டப்பாவின் மேல் அச்சடித்திருந்த நிற வரிசையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஆறுதான், சந்தேகமே இல்லை. முன்னாடியே சொல்லிவிட்டோமா? முகமூடிக்குள் தன் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றால் சொன்னது எது, நினைத்தது எது என்று குழம்பத்தான் செய்யும். காலையில் வெறும் டீயோடு கிளம்பினால் இப்படித்தான் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு அடுத்த டிரம்முக்கு நகர்ந்தாள்.

கடலூரில் இருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரம் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால் மூடிக் கிடக்கும் ஓர் இறால் பண்ணை வரும். குளங்கள் வற்றி உப்புப் பூத்துவிட்டன. தீவன மூட்டைகள் அடுக்கிவைத்திருந்த குடோன் மட்டும் சுவர் கெடாமல் நின்றது. அதற்குள்தான் யாரோ இந்த இரும்பு டிரம்களைக் கொண்டுவந்து வரிசை வரிசையாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். லேபிள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துவிட்டு, மூடி உட்பட முழுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்று ஊராட்சித் தலைவர் வீட்டு முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சிதம்பரத்தில் சின்னதாக ஆய்வுக்கூடம் நடத்தும் சபாபதி, வழக்கம்போல ஜான்சியையும் ஆரோக்கியராஜையும் அனுப்பிவைத்தார்.

எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இவற்றை ஒரு முழம்கூட நகர்த்த முடியாது. சேரக் கூடாத இரண்டு ஒரே லாரியில் ஏறி, மேட்டுப்பள்ளத்தில் குலுங்கி, ஒன்றில் இருந்து இன்னொன்றில் ஒரு வாளி சிந்தினால் போதும், வழியில் இருக்கிற ஊருக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொன்றையும் மெதுவாகத் திறந்து, நீளமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, இது அமிலமா, காரமா, தீப்பிடிக்குமா, தண்ணீர் பட்டால் சீறுமா என்று பார்த்து, இனம் பிரித்து, மூடியில் வண்ணக் குறி போட வேண்டும். அந்த வேலைதான் ஜான்சியின் வேலை. வேதியியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருக்கலாம். போகவில்லை.

இந்த வேலையில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. குடோனைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு வெளியே, காற்று வருகிற பக்கமாக நாற்காலி போட்டு இரண்டாமவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவர் கண்ணில் பட்டதை அப்போதைக்கப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லக் கூடாது, இது வேண்டாம் என்று விடவும் கூடாது. வெளியே இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, “சரி, அடுத்தது” என்பார். விஷக் காற்று தலைக்கு ஏறினால் ஏறியவருக்கே முதலில் தெரியாது, பேச்சு குழறுவதை வைத்து வெளியே இருப்பவர்தான் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததும் ஓடிவந்து இழுத்துப் போடுவார். செல்போனில் ஒரு பொறி கிளம்பினாலும் வினை என்பதால் உள்ளே போகிறவர் அதையும் வெளியே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார், பொறி கிளம்பாதபடி செய்த வாக்கி-டாக்கி மட்டும்தான் கூடப் போகும். முகமூடியில் காற்றை வடிகட்டும் டப்பாவைத் திருகி மாட்டுவதும் அவர்தான். சுருக்கமாகச் சொன்னால், உள்ளே இருப்பவர் உயிரை வெளியே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.

ஜான்சிக்கு அதில் ஒருநாளும் பயம் இருந்ததில்லை. ஆரோக்கியராஜ் அவள் அக்கா மேரி ஷாலினியின் கணவர். அப்பா இல்லாத வீட்டில் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் எல்லாம் வந்து உட்கார்ந்தவர். அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டவர், அவளுக்கு டைஃபாய்டு வந்து படுத்திருந்தபோது தினமும் கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். மாமா “சரி” என்றால் சரி. தன் கண்ணைவிட அந்தக் குரலைத்தான் அவள் அதிகம் நம்பினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

மழை வரப்போகிற ஐப்பசி மதியம். மேகம் இறங்கி வந்து தகரக் கூரையின் மேல் படுத்துக்கொண்டதுபோல உள்ளே ஒரே மங்கல். பழைய தீவனத்தின் மீன் நாற்றம் காலையில் பண்ணைக்குள் நுழைந்தபோதே சட்டையில் ஒட்டிக்கொண்டது, முகமூடி மாட்டிய பிறகு அதுவும் இல்லை, ரப்பர் வாடை மட்டும்தான். ஈரக் காற்றில் டிரம்களுக்கு வியர்த்திருந்தது. கறுப்பு பெயிண்டின் மேல் முத்து முத்தாக நீர் கோத்து, கீழே வழிந்து, சிமெண்ட் தரையில் ஒவ்வொரு டிரம்மைச் சுற்றியும் ஈர வளையம் போட்டிருந்தது. எங்கோ ஒரு மூலையில் இரும்புத் தகடு டொக் என்றது. அது சாதாரணம். வெயிலில் விரிந்த தகடு குளிர்ந்து சுருங்கும்போது டிரம்கள் அப்படிச் சத்தம் போடும்.

இரண்டு நாளாக வெயிலே இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

அடுத்த டிரம்மின் சின்ன மூடியைக் கால் சுற்று திருகி, அழுத்தம் இருந்தால் சீறட்டும் என்று காத்திருந்து, பிறகு முழுசாகத் திறந்து குழாயை இறக்கினாள். எடுத்ததைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு மிதக்கவில்லை, கரையவும் இல்லை. உருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினாள்.

“தண்ணியில—”

“முழுகுது. சரி, அடுத்தது.”

ஜான்சி மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

“மாமா, நான் இன்னும் சொல்லவே இல்லையே.”

கரகரப்போடு சிரிப்பு வந்தது. “சொன்னியேம்மா. காது அடைச்சிக்கிச்சா? சீக்கிரம் முடி, மழ வந்தா ரோடு சேறாயிடும். வண்டி மாட்டிக்கும்.”

சரிதான், ஒரே மாதிரி டிரம்கள், ஒரே மாதிரி சரக்கு. முன்னால் பார்த்த மூன்றும் முழுகின, அதனால் இதுவும் முழுகும் என்று ஊகித்துவிட்டார். திருப்பிச் சொல்கிறவர் ஊகிக்கக் கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சபாபதியிடம் வேலைக்கு வருகிறவர்களிடம் அதை முதல் பாடமாகச் சொல்வதே அவர்தான். அலுத்துப்போயிருக்கும். வயசாகிறது இல்லையா. ஜான்சி அவருக்காக இப்படியெல்லாம் வக்காலத்து வாங்கிக்கொண்டே கடைசி வரிசைப் பக்கம் வந்தாள்.

சுவர் மூலையில் நின்ற டிரம் காய்ந்திருந்தது.

மற்ற எல்லாவற்றிலும் நீர் வழிகிறது, இதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதைச் சுற்றி ஈர வளையமும் இல்லை. கனமான கையுறையோடு புறங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவில்லை. அடுப்பில் இருந்து இறக்கிவைத்த குக்கருக்குப் பக்கத்தில் கை போவதுபோல இருந்தது. அப்போது, இவ்வளவு கிட்டத்தில், அதற்குள் இருந்து டொக் என்றது. தகடு சுருங்குகிற சத்தம் இல்லை இது. உள்ளே இருப்பது விரிகிறது.

“மாமா, மூலையில ஒரு டிரம் சூடா இருக்குது. வேர்க்கவே இல்ல. உள்ள என்னமோ நடக்குது.”

இந்தத் தடவை அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

“வெயில் பட்டிருக்கும். அத விட்டுட்டு மத்தத முடி.”

“வெயில் எங்க மாமா இருக்குது?”

“ஜான்சி. அத விடு. கடசியா பாத்துக்கலாம்.”

சூடான டிரம்மைக் கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அதில் ‘கடைசியாக’ என்ற பேச்சே கிடையாது. அது ஆரோக்கியராஜுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் கால்கள் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்து பழகியவை. மூலையை விட்டு விலகி, கடைசியாகத் திறந்த டிரம்மில் எடுத்த மாதிரிப் புட்டியோடு, தீவனம் எடை போடுகிற சின்ன அறைக்குப் போனாள். அவள் சோதனை மேசை அங்கேதான் இருந்தது, ஜன்னல் காற்று ஓடுவதால் தீ வைத்துப் பார்க்கிற சோதனைக்கு அந்த இடம் மட்டும்தான். கடல் பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். கயிறும் நாற்காலியும் குடோனுக்கு மறுபக்கம். இங்கே நடப்பது எதுவும் அங்கே இருந்து தெரியாது.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். செம்புக் கம்பியைச் செக்கச் செவேல் என்று காய்ச்சி, புட்டியில் இருந்ததைத் தொட்டு, மறுபடியும் சுடரில் காட்டினாள். சுடர் பச்சையானது. கிளிப் பச்சை. அந்த மங்கலான அறையில் சுவரும் அவள் கையுறையும் ஒரு நொடி பச்சையாகி மறைந்தன. குளோரின் கலந்த சரக்கு. சும்மா மூடி வைத்திருந்தால் சும்மா இருக்கும். அதிகமாகச் சூடேறினால் அதில் இருந்து கிளம்புவது நுரையீரலைத் தண்ணீராக்கிவிடும்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பொத்தானை அழுத்தி, பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

“கம்பி சோதன. நெறம் ஒண்ணும் வரல.”

“பச்ச. சரி, அடுத்தது.”

விளக்குச் சுடர் ஜன்னல் காற்றில் ஆடியது. கடல் இரைந்துகொண்டிருந்தது. ஜான்சி ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கூரையைக்கூடப் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் சொன்னது பொய், அவர் திருப்பிச் சொன்னது உண்மை.

“ஆமா மாமா, பச்சதான்,” என்றாள். “வாய் தவறிடுச்சி.”

“ம்.”

இந்தச் சரக்கு அவருக்குத் தெரியும். இந்த டிரம்கள் அவருக்குத் தெரியும். எது முழுகும், எது பச்சையாக எரியும், எது சூடேறும் எல்லாம் தெரியும். முன்பே யாரோ இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொல்ல, அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது? மாமாவை அப்படி நினைக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. போய் நேரில் கேட்டுவிடலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, சாதாரணமாக நடந்து, வெளியே போய், முகமூடியைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பார்த்துக் கேட்டுவிடலாம்.

விளக்கை அணைத்தாள். குடோனின் பெரிய இரும்புக் கதவு, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு, முக்கால்வாசி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாம்பல் வெளிச்சம். போகிற வழி கடைசி வரிசையைத் தாண்டித்தான்.

மூலை டிரம்மின் மூடியில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. சூட்டில் கறுப்புத் தோல் உப்பி, வெடித்து, சுருள் சுருளாக உரிந்துகொண்டிருந்தது. அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. புள்ளிகள். நான்கு புள்ளி.

இனம் பிரித்து முடித்த டிரம் ஒவ்வொன்றிலும் பிரித்தவர் தன் அடையாளம் ஒன்று வைப்பது வழக்கம். ஜான்சி ஒரு சாய்வுக் கோடு போடுவாள். சபாபதியிடம் வேலை செய்த இன்னொரு பெண், அனுப்பிரியா, நான்கு புள்ளி வைத்து அவற்றைச் சுற்றி ஒரு சுழி இழுப்பாள். மார்கழி வாசலில் போடுவதுபோல இத்துனூண்டு கோலம். விஷத்துக்கு மேலே கோலமா போடுவார்கள் என்று ஜான்சி கேலி செய்திருக்கிறாள். லட்சுமி வரட்டும் என்பாள் அனு.

அனுப்பிரியா போன வருஷம் செத்துப்போனாள். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு பாழடைந்த சூளைக் கொட்டகையில். ஜான்சி டைஃபாய்டில் கிடந்ததால் அவளுக்குப் பதிலாகப் போனவள். வெளியே நாற்காலியில் ஆரோக்கியராஜ். எங்கிட்ட ஒரு வார்த்தகூட சொல்லல, மொத டிரம்ம அவளா தெறந்துட்டா, நான் எட்டிப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி என்று அவர் அழுத அழுகையில் அனுவின் அம்மாவே அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த டிரம்களை எல்லாம் அப்போதே முறைப்படி எரித்தாயிற்று என்றும் அவர்தான் சொன்னார்.

ஜான்சி பக்கத்து டிரம்மின் மூடியைக் கையுறையால் அழுத்தித் தேய்த்தாள். ஈரத்தில் ஊறிய மட்டமான பெயிண்ட் வழுக்கிக்கொண்டு வந்தது. நான்கு புள்ளி, ஒரு சுழி. அதற்கு அடுத்தது. நான்கு புள்ளி, சுழி. அடுத்தது. அதிலும். எரித்தாயிற்று என்று மாமா சொன்ன டிரம்கள்தான் பெயிண்ட் பூசி இங்கே நிற்கின்றன. முதல் டிரம்மிலேயே செத்தவள் எல்லா டிரம்மிலும் கோலம் போட்டிருந்தாள். மூலை டிரம் ஒன்றில் மட்டும், மூன்றாவது புள்ளி வரைக்கும் வந்த சுழி கோணி, கீழே இழுத்துக்கொண்டு, மூடியின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

கண் பார்த்தது. வாய் சொன்னது. இத்தனை வருஷப் பழக்கம், கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது.

“மூடியில பழைய குறி இருக்குது. நாலு புள்ளி. சுழி பாதியில நின்னிருக்குது. அனுவோட குறி.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது. விரலை எடுத்தாள். இனி எடுத்து என்ன பயன்.

திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை.

மழையின் முதல் சொட்டுகள் கூரையில் விழுந்தன. டிரம் டொக் என்றது. மறுபடியும் டொக்.

“ஜான்சி.” குரல் மெதுவாக, அன்பாகவே இருந்தது. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். “எல்லா மூடியும் தொடச்சிப் பாத்தியா?”

“இல்ல மாமா.”

“பாத்திருப்ப. நீ பாக்காம விடமாட்ட.”

அவள் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஓடக் கூடாது. ஓடினால் காலடி கேட்கும்.

“அவளும் கடசி டிரம் வரைக்கும் நல்லாத்தான் சொல்லிக்கினு வந்தா,” என்றது வாக்கி-டாக்கி. “எவ்ளோ அழகா சொல்லுவா தெரியுமா. ஒண்ணுகூட மறக்கல எனக்கு. எந்த வேல செஞ்சாலும் காதுல அவ சொல்லிக்கினே இருக்கா. சூடா இருக்குதுன்னா. அண்ணே வரட்டுமான்னா. ஒண்ணு பாக்கிதான், முடிச்சிட்டு வான்னேன்.”

ஜான்சி ஓடினாள்.

வெளிச்சம் குறுகியது. இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் சத்தம், நிதானமாக, அவசரமே இல்லாமல். பாதி. கால்வாசி. அவள் கை போய்ச் சேர்ந்தபோது கதவு சுவரில் முட்டி நின்றது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

தள்ளினாள். தோளால் இடித்தாள். கதவு லேசாக அதிர்ந்ததோடு சரி. ஜன்னலில் கம்பி, அதற்குப் போகிற வழியும் மூலை டிரம்மைத் தாண்டித்தான். கூரை எட்டாது. செல்போன் அவரிடம். இந்தக் கருவியில் பேசினால் கேட்கிற ஒரே காது அவருடையது. குப்பம் காற்றுக்கு எதிர்ப்பக்கம், மழை வேறு கொட்டுகிறது. அவளைக் காப்பாற்றுவதற்கென்று வைத்திருந்தது ஒவ்வொன்றும் மாமாவின் கையில் இருந்தது. அவள்தான் காலையில் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பயத்தைவிட அதுதான் வலித்தது. அப்பா என்று நினைத்திருந்தாளே. இந்த ஆளையா?

கதவுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் அகலத்தில் ஓர் இடுக்கு. முகமூடிக் கண்ணாடியை அதில் அழுத்திப் பார்த்தாள்.

ஆரோக்கியராஜ் கயிற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கயிற்றை மிதிக்காமல், ஒரு கையால் தூக்கிப் பிடித்து, குனிந்து, ஒழுங்காகப் போனார். நாற்காலியில் தேங்கிய மழைத் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தார். மடியில் வாக்கி-டாக்கி.

“மாமா, கதவத் தெறங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவர் அசையவில்லை. மழை அவர் தலைமேல் கொட்டியது.

“அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?”

அதற்கு மட்டும் கருவியை எடுத்தார். நியாயமான கேள்விக்குப் பதில் யோசிக்கிற முகம்.

“நீ எங்கிட்ட ஒரு வார்த்தகூட சொல்லலன்னு சொல்லுவேன்.”

பின்னால் இருந்து இப்போது டொக் என்று வரவில்லை. அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று தொடங்கியது. மெல்லிய சீறல். டீக்கடை பாய்லரில் ஆவி கசிவதுபோல. நிற்காமல்.

திரும்பிப் பார்த்தாள். மூலையில் மூடி உப்பி மேடாகியிருந்தது. அதன் விளிம்பில் இருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி, மேலே போகாமல், தரையோடு தரையாகப் படிந்து, டிரம்களின் இடையில் புகுந்து, வரிசை வரிசையாக இவள் பக்கம் வந்தது.

முகமூடி இருக்கிறது. வடிகட்டி இருக்கிறது. மூச்சை அளந்து விட்டால் தாங்கும். மெதுவாக. மெதுவாக இழு.

வைக்கோல் வாடை.

மழையில் நனைந்து புழுங்கிய வைக்கோல். இந்த உப்புக் காட்டில் வைக்கோல் ஏது. முகமூடிக்குள் ரப்பரைத் தவிர எந்த வாடையும் வரக் கூடாது. குளோரின் சரக்கு சூடேறினால் கிளம்பும் விஷக் காற்றுக்கு உண்டு என்று அவள் புத்தகத்தில் மட்டும் படித்திருந்த வாடை. கை வடிகட்டி டப்பாவுக்குப் போனது. காலையில் மாமா திருகி மாட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, போயிட்டு வாம்மா என்று அனுப்பிய டப்பா.

தொண்டையில் ஓர் அரிப்பு. இருமினாள். இன்னொரு தடவை. கண்ணாடியில் எச்சில் தெறித்தது.

கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. வேறு யாரைக் கூப்பிட.

“மாமா. மூச்சு முட்டுது.”

அவர் கருவியை வாயருகே கொண்டுபோனார்.

“மாமா, மூச்சு முட்டுது,” என்றார், ஓர் எழுத்துப் பிசகாமல், அவள் இழுத்த இடத்தில் இழுத்து. “சரி, அடுத்தது.”

பிறகு நாற்காலிக்கு அடியில் இருந்து தன்னுடைய முகமூடியை எடுத்தார். மழை நீரை உதறினார். நிதானமாகத் தலையில் மாட்டி, பின்பக்கத்து வாரை இழுத்து இறுக்கி, கன்னத்தில் ரப்பர் சரியாகப் படிகிறதா என்று இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டார். முகம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு வட்டக் கண்ணாடிகள். அவை கதவு இடுக்கின் பக்கம் திரும்பின. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.